ஒரே கோப்பு நாலு இடத்தில்: நகல்களைக் களைந்து டிஸ்க்கில் இடம் பிடிப்பது எப்படி

எங்கள் வீட்டு 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் தீபாவளிக்கு எடுத்த படங்களைப் போடப் போனபோது இடமில்லை என்று வந்தது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சரி, வாங்குவதற்கு முன்னால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்தால், அக்கா கல்யாண வீடியோ மட்டும் நான்கு இடத்தில் கிடந்தது. ஸ்டுடியோவில் கொடுத்த பென்டிரைவிலிருந்து நான் ஒருமுறை போட்டிருக்கிறேன், அது தெரியாமல் அப்பா ஒருமுறை போட்டிருக்கிறார், மாமா கேட்டார் என்று 'மாமாவுக்கு' என்ற ஃபோல்டரில் ஒருமுறை, பழைய லேப்டாப்பைக் கழித்துக்கட்டும்போது அதன் டி டிரைவை அப்படியே இழுத்துப் போட்டதில் இன்னொருமுறை. ஒவ்வொன்றும் 38 ஜிபி. மூன்றை எடுத்தாலே 114 ஜிபி திரும்பி வருகிறது.

உங்கள் டிஸ்க்கிலும் இப்படி ஏதாவது இருக்கத்தான் செய்யும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பயமில்லாமல் நீக்குவது என்று, இதுவரை செய்து பழக்கமில்லாதவர்களுக்காக எழுதுகிறேன். விண்டோஸ் கணினி, இரண்டு இலவச மென்பொருள், ஒரு விடுமுறை நாள் போதும். அந்த நாளில் பெரும்பகுதி கணினிதான் வேலை செய்யும், உங்களுக்கு மொத்தம் இரண்டு மணி நேர வேலை.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முதல்முறை செய்தபோது இது தெரியாமல்தான் தவறு செய்தேன். இரண்டு கோப்புகளின் உள்ளடக்கம் ஒன்றா இல்லையா என்பதை மென்பொருள் அச்சு அசலாகச் சொல்லிவிடும். அந்தக் கோப்பு ஏன் அந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அப்பா கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்து, ஆல்பத்துக்கு என்று 120 படங்களைப் பொறுக்கி 'ஆல்பம்' என்ற ஃபோல்டரில் தனியாக காப்பி செய்து வைத்திருந்தார். நான் எல்லா நகலையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தாக அழித்தேன். படம் ஒன்றுகூடத் தொலையவில்லை, எல்லாமே மூல ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. ஆல்பம் ஃபோல்டர்தான் காலியாகிவிட்டது. எந்த 120 என்று திரும்பவும் அவரே உட்கார்ந்து பொறுக்க வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது இன்னும் வருத்தம்தான். கீழே நான் சொல்லும் வரிசை முழுவதும் அப்படி இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்பதற்காகவே.

நகல் எப்படிச் சேருகிறது

போனில் இடம் தீர்ந்ததும் கேமரா ஃபோல்டரை முழுசாக இழுத்துக் கணினியில் போடுகிறோம், ஆனால் போனிலிருந்து பாதியைத்தான் அழிக்கிறோம். ஆறு மாதம் கழித்து மறுபடி முழுசாக இழுத்து 'போன் பேக்கப் புதுசு' என்று இன்னொரு ஃபோல்டர். அந்தப் பழைய பாதி இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. மூன்றாம் முறை மூன்று இடம். பெரும்பாலான வீடுகளில் கணிசமான நகல் இந்த ஒரு வழியிலேயே வருகிறது.

அடுத்தது டவுன்லோட்ஸ் ஃபோல்டர். ஒரே பிடிஎஃப்பை மூன்று முறை இறக்கினால் பெயருக்குப் பின்னால் (1), (2) என்று போட்டு பிரௌசர் மூன்றையும் வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று கூகுள் ஃபோட்டோஸ். 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்களும் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி கணக்கில் சேரும் என்று ஆனபிறகு, நிறையப் பேர் டேக்அவுட் (கூகுளில் இருக்கும் நம் தரவை மொத்தமாக இறக்கும் வசதி) வழியாகத் தங்கள் படங்களை மொத்தமாக இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டார்கள். அதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு படம் நீங்கள் உருவாக்கிய ஆல்பத்திலும் இருந்தால், ஆண்டு ஃபோல்டரில் ஒருமுறை, ஆல்பம் ஃபோல்டரில் ஒருமுறை என இரண்டு முழுக் கோப்புகளாக இறங்கும். கூகுளில் அது ஒரே படம்தான், உங்கள் டிஸ்க்கில் இரண்டு.

'ஒரே கோப்பு' என்றால் என்ன

பெயர் ஒன்றாக இருப்பது கணக்கே இல்லை. கேமராக்கள் எண்ணைத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும்போது ஒரே பெயரில் முற்றிலும் வேறு வேறு படங்கள் வரும். அதே மாதிரி ஒரே படம் இரண்டு பெயரில் இருக்கலாம். தேதியும் கணக்கில்லை, காப்பி செய்யும்போது சில தேதிகள் மாறிவிடும். உள்ளே இருக்கும் பைட்டுகள் (கோப்பு இந்தச் சிறு துண்டுகளால்தான் ஆனது) முதலிலிருந்து கடைசிவரை ஒன்றாக இருந்தால் மட்டுமே அது ஒரே கோப்பு.

ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றோடும் ஒவ்வொன்றை ஒப்பிட்டால் விடியாது. அதனால் இந்த மென்பொருள்கள் முதலில் அளவைப் பார்க்கின்றன. 34,82,117 பைட் உள்ள கோப்பும் 34,82,118 பைட் உள்ள கோப்பும் ஒன்றாக இருக்க வழியே இல்லை, எனவே திறந்துகூடப் பார்க்க வேண்டாம். அளவு ஒத்துப்போகிறவற்றை மட்டும் எடுத்து, கொஞ்சம் படித்துப் பார்த்து, அதுவும் ஒத்துப்போனால் முழுவதும் படித்து ஒரு ஹேஷ் கணக்கிடுகின்றன. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் கோப்பு 2 கேபி ஆனாலும் 20 ஜிபி ஆனாலும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகைதான் வரும். உள்ளே ஒரே ஒரு பைட் மாறினாலும் கைரேகை மொத்தமாக மாறிவிடும்.

இதை நீங்களே செய்து பாருங்கள், ஐந்து நிமிடம்தான், ஆனால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகு நன்றாகப் புரியும். 7-ஜிப் (கோப்புகளைச் சுருக்க உதவும் இலவச மென்பொருள்) உங்கள் கணினியில் இருந்தால், ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'சிஆர்சி எஸ்ஹெச்ஏ' என்ற வரியில் எஸ்ஹெச்ஏ-256ஐத் தேர்ந்தெடுங்கள் (விண்டோஸ் 11 என்றால் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்த வேண்டியிருக்கலாம்). வரும் எண்ணின் (அதுதான் அந்தக் கைரேகை) முதல் நான்கைந்து எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை வேறு ஃபோல்டருக்கு காப்பி செய்து, பெயரையும் மாற்றி, மறுபடி பாருங்கள். அதே எண்தான். இப்போது ஒரு நோட்பேட் கோப்பை எடுத்து அதே மாதிரி எண்ணைப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு முற்றுப்புள்ளி மட்டும் சேர்த்து சேமித்து மறுபடி பாருங்கள், அடையாளமே தெரியாது.

வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே கைரேகை வந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பழைய எம்டி5 முறையில் அப்படிப்பட்ட ஜோடிகளை 2004இலும், எஸ்ஹெச்ஏ-1 முறையில் 2017இலும் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் அவை வேண்டுமென்றே கணக்குப் போட்டுத் தயாரித்தவை. உங்கள் வீட்டுப் படங்களில் தற்செயலாக அப்படி நடக்கும் என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. லினக்ஸில் இருக்கும் எஃப்டூப்ஸ் மாதிரி சில கருவிகள் ஹேஷ் ஒத்துப்போன பிறகும் பைட் பைட்டாக இன்னொருமுறை சரிபார்த்துவிடும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். நீங்கள் எடுத்த படத்தையும் அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பி அந்தப் பக்கம் இறங்கிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, அதனால் பைட்டுகள் எல்லாமே வேறு. ஐஃபோனில் இருந்து கணினிக்கு மாற்றும்போது அமைப்பு 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் ஹெச்இஐசி (ஐஃபோன் படங்களைச் சேமிக்கும் வடிவம்) படம் ஜேபெக்காக மாறி வரலாம், அப்போதும் இரண்டும் வேறு. ஒரு பாட்டின் எம்பி3 கோப்பில் பாடகர் பெயரைத் திருத்தினால், கேட்பதற்கு அதே பாட்டு, ஆனால் கோப்பு மாறிவிட்டது. படத்தைத் திருப்பிச் சேமித்தாலும் பல நேரம் இதே கதைதான்.

ஆக, 'ஒரே மாதிரி படங்கள்' தேடுவது வேறு வேலை, 'ஒரே கோப்புகள்' தேடுவது வேறு வேலை. முதலாவதில் எது தரமானது என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும், தவறினால் நல்லதை அழித்துவிட்டுச் சுருங்கியதை வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் அந்த ஆபத்து இல்லை. முதல்முறை செய்கிறவர்கள் ஒரே கோப்புகளோடு மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இடம் அதிலேயே வந்துவிடும்.

தொடங்கும் முன்: எங்கே கை வைக்கக்கூடாது

சி டிரைவில் விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களைத் தேடலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அங்கே நூற்றுக்கணக்கான டிஎல்எல் கோப்புகள் (மென்பொருள் ஓடத் தேவையான துணைக் கோப்புகள்) ஒன்றுபோல இருக்கும், ஒவ்வொரு மென்பொருளும் தன்னுடையதைத் தன் இடத்தில் தேடும், ஒன்றை எடுத்தால் அந்த மென்பொருள் திறக்காது. விண்டோஸுக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பெரியதாகக் காட்டுகிறதே என்று அதிலும் கை வைக்காதீர்கள். அதில் பல கோப்புகள் ஹார்ட் லிங்க்குகள் (ஒரே கோப்புக்கு இரண்டு வாசல், பின்னால் சொல்கிறேன்), ஒரே இடத்தை இரண்டு முறை எண்ணிக் காட்டுகிறது.

ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு) ஃபோல்டர் இன்னொரு கண்ணி. பக்கத்தில் மேகக் குறி போட்ட கோப்புகள் உண்மையில் உங்கள் டிஸ்க்கில் இல்லை, தேடும் மென்பொருள் அவற்றைப் படிக்கப் போனால் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கிவிடும், இடம் மிச்சமாவதற்குப் பதில் நிரம்பும். அதோடு அங்கே அழித்தால் மேகத்திலும், உங்கள் மற்றக் கணினிகளிலும் அழியும்.

ஃபோட்டோகிராஃபர்களுக்கு ஒரு வார்த்தை: லைட்ரூம் கேட்டலாக், வீடியோ எடிட்டிங் ப்ராஜெக்ட் எல்லாம் கோப்பு இருக்கும் இடத்தின் முகவரியைத்தான் வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்த முகவரியில் இருக்கும் நகலை எடுத்தால், கோப்பு காணவில்லை என்று வரும். அந்த ஃபோல்டர்களைத் தொடாமல் விடுங்கள்.

அப்புறம் முக்கியமானது, பேக்கப். ஒரே டிஸ்க்கில் நான்கு நகல் இருந்தால் அது பேக்கப் இல்லை, அந்த டிஸ்க் கீழே விழுந்தால் நான்கும் சேர்ந்தே போகும். வேறொரு டிஸ்க்கில் இருக்கும் ஒரு நகல்தான் பேக்கப். அதனால் இரண்டு டிஸ்க்கை ஒன்றாகச் செருகி இரண்டிலும் சேர்த்துத் தேடி, 'நகல்' என்று வருவதை அழித்தீர்கள் என்றால் உங்கள் பேக்கப்பை நீங்களே அழிக்கிறீர்கள். ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க், அவ்வளவுதான். பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேக்கப்பே இல்லை என்றால், அழிக்கப்போகிற நாளுக்கு முன் மிக முக்கியமான ஃபோல்டர்களையாவது, குழந்தைப் படங்கள், சர்டிஃபிகேட் ஸ்கேன்கள், இவற்றை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

வேலைக்கு இறங்கலாம்

முதலில் விஸ்ட்ரீ என்ற சிறிய மென்பொருளை ஓடவிடுங்கள், சொந்த உபயோகத்துக்கு இலவசம். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் ஒரு முறை) டிரைவாக இருந்தால் சில நொடிகளில் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் என்று பெரியது முதல் வரிசையாகக் காட்டிவிடும். இதில் அரை மணி நேரம் செலவழியுங்கள். எங்கள் டிஸ்க்கில் 38 ஜிபி என்ற அளவு நான்கு முறை வந்ததை நான் கண்டுபிடித்தது இங்கேதான், நகல் தேடும் மென்பொருள் இல்லாமலேயே. இதைச் செய்யும்போதே இன்னொன்றும் செய்யுங்கள்: வீட்டில் வேறு யார் இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துகிறார்களோ அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த ஃபோல்டர் அவர்கள் பிரித்து வைத்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் கடைசிவரை வேண்டும்.

அடுத்து டூப்குரு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இலவசம், மூலநிரல் திறந்தது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பரங்கள் வேறு எதையாவது தலையில் கட்டிவிடும். இதே வேலைக்கு சிகாஃப்கா என்று போலந்துப் பெயர் கொண்ட ஒன்றும் இருக்கிறது, வேகமானது, அதுவும் இலவசம். ஆனால் புதியவர்களுக்கு நான் டூப்குருவைத்தான் சொல்வேன். அதில் 'ரெஃபரன்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது, இதோ வருகிறேன்.

திறந்ததும் மேலே 'அப்ளிகேஷன் மோட்' என்ற இடத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்று வையுங்கள். கீழே இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி உங்கள் ஃபோல்டர்களைச் சேருங்கள். சேர்த்த ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பக்கத்தில் 'நார்மல்' என்று இருக்கும். அதை அழுத்தினால் 'ரெஃபரன்ஸ்', 'எக்ஸ்க்ளூடட்' என்று வேறு இரண்டும் வரும். ஒரு ஃபோல்டரை ரெஃபரன்ஸ் ஆக்கிவிட்டால் அதிலுள்ள எதையும் இந்த மென்பொருள் அழிக்க விடாது. மற்ற இடங்களில் உள்ள நகல்களைத்தான் அழிக்க முடியும். எக்ஸ்க்ளூடட் என்றால் அந்தப் பக்கமே திரும்பாது. இப்போது அந்தத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக ஆண்டுவாரியாக இருக்கும் மூல ஃபோல்டர் ரெஃபரன்ஸ். அப்பா பொறுக்கி வைத்த 'ஆல்பம்' போன்றவை எக்ஸ்க்ளூடட். 'போன் பேக்கப் புதுசு', 'பழைய லேப்டாப்', 'டெஸ்க்டாப்பில் இருந்தது' மாதிரியானவை நார்மல். நான் முதல்முறை இந்த மூன்றில் எதையும் தொடாமல் எல்லாவற்றையும் நார்மலாகவே விட்டேன், அதுதான் நடந்தது.

'ஸ்கேன் டைப்' என்ற இடத்தில் பெரும்பாலோர் நேராக 'கன்டென்ட்ஸ்' தேர்ந்தெடுப்பார்கள். நீங்கள் முதலில் 'ஃபோல்டர்ஸ்' தேர்ந்தெடுங்கள். உள்ளே இருக்கும் எல்லாமே ஒன்றாக இருக்கும் முழு ஃபோல்டர்களை அது ஜோடியாகக் காட்டும். எண்ணாயிரம் வரி கொண்ட பட்டியலைப் பார்த்துக் கண் எரிவதற்குப் பதில், இருபது முப்பது வரியில் பெரிய நகல்கள் எல்லாம் வந்துவிடும், ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று யோசித்து முடிவெடுக்கவும் உங்களால் முடியும். கல்யாண வீடியோ மாதிரி விஷயங்கள் இந்தச் சுற்றிலேயே தீர்ந்துவிடும். ஒரு கோப்பு கூடக்குறைய இருந்தாலும் அந்த ஃபோல்டர் ஜோடியாக வராது, அவை அடுத்த சுற்றுக்கு.

அடுத்த சுற்றில் 'கன்டென்ட்ஸ்' வைத்து ஸ்கேன் அழுத்துங்கள். 'ஃபைல்நேம்' வேண்டாம், அது பெயரை மட்டும் பார்க்கும். இதற்கு நேரம் பிடிக்கும். வெளியில் செருகும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1 டிபி முழுவதையும் படிக்க 10,000 நொடி, அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். அளவு ஒத்துப்போகிறவற்றை மட்டும் படிப்பதால் நிஜத்தில் அதைவிடக் குறையும். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகியிருந்தால் மூன்று மடங்கு ஆகும், எனவே நீல நிற யூஎஸ்பி 3 போர்ட் இருந்தால் அதில் செருகுங்கள். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, ஸ்லீப் மோடுக்குப் போகாதபடி வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

முடிவுகள் குழு குழுவாக வரும். ஒவ்வொரு குழுவின் முதல் வரியும் வைத்துக்கொள்ளப்போகிற கோப்பு, அதற்குக் கீழே உள்ளவை நகல்கள். முதல் வரியில் டிக் போட முடியாது, ஆகவே ஒரு குழுவில் எல்லாவற்றையும் அழித்துவிடும் விபத்து நடக்காது. மேலே 'டூப்ஸ் ஒன்லி' என்பதை டிக் செய்தால் நகல்கள் மட்டும் தெரியும். அளவுப் பத்தியை அழுத்திப் பெரியது மேலே வரும்படி அடுக்குங்கள். மேலே இருக்கும் சில டஜன் வரிகளிலேயே பாதிக்கு மேல் இடம் இருக்கும், ஏனென்றால் அவை வீடியோக்கள். அவற்றை நிதானமாக, ஃபோல்டர் பெயரைப் படித்துப் படித்து டிக் போடுங்கள். வைத்துக்கொள்ள வேண்டியது கீழேயும் நீக்க வேண்டியது மேலேயும் வந்திருந்தால், சரியானதைத் தேர்ந்தெடுத்து 'மேக் செலக்டட் இன்டு ரெஃபரன்ஸ்' கொடுத்தால் இடம் மாறிவிடும்.

'மார்க் ஆல்' பொத்தானில் தவறில்லை. ஆனால் பட்டியலை ஒருமுறை முழுவதும் உருட்டிப் பார்த்த பிறகு, எல்லா நகலும் நீங்கள் நினைத்த ஃபோல்டர்களில் இருந்துதான் வந்திருக்கின்றன என்று தெரிந்த பிறகு மட்டும்.

அழிக்காதீர்கள், நகர்த்துங்கள்

இப்போது அழிக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். ஆப்ஷன்ஸில் காப்பி, மூவ் பற்றிய இடத்தில் 'ரீகிரியேட் அப்சல்யூட் பாத்' என்று வைத்துவிட்டு, ஆக்‌ஷன்ஸ் மெனுவில் 'மூவ் மார்க்டு டு' கொடுத்து, அதே டிஸ்க்கில் 'நகல்கள் - அழிக்கலாம்' என்று ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அதே டிஸ்க்குக்குள் நகர்த்துவதால் சட்டென்று முடிந்துவிடும். அந்த அமைப்பு வைத்ததால் ஒவ்வொரு கோப்பும் எந்த ஃபோல்டருக்குள் இருந்ததோ அதே ஃபோல்டர் பெயர்களோடு அங்கே போய் உட்காரும், எங்கிருந்து வந்தது என்று பிறகு தெரியும், வேண்டுமென்றால் திரும்ப அங்கேயே வைக்கலாம். இப்போதைக்கு இடம் ஒன்றும் மிச்சமாகியிருக்காது, பரவாயில்லை.

அந்த ஃபோல்டரை இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம் அப்படியே விடுங்கள். அந்த நாட்களில் வீட்டில் யாராவது 'அந்தப் படம் எங்கே போச்சு' என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கலாம். யாரும் கேட்கவில்லை என்றால் ஃபோல்டரை அழியுங்கள். அன்றைக்கு நான் இப்படிச் செய்திருந்தால் ஆல்பம் ஃபோல்டரை ஒரே நிமிடத்தில் திரும்ப வைத்திருப்பேன்.

அழித்த பிறகும் இடம் கூடவில்லை என்றால் முதலில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள், அதில் இருக்கும்வரை இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பென்டிரைவ், மெமரி கார்டில் வழக்கமாக ரீசைக்கிள் பின் கிடையாது, அங்கே அழித்தால் அழித்ததுதான், கூடுதல் கவனம் வேண்டும். மற்றபடி 1 டிபி டிஸ்க்கில் மொத்தமே 931 ஜிபிதான் காட்டுகிறது என்று சிலர் கவலைப்படுவார்கள். அது திருட்டுப்போன இடம் இல்லை, டிஸ்க் தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

இரண்டு இடத்திலும் வேண்டும், ஆனால் இடம் ஒன்றுக்குத்தான் போக வேண்டும்

ஆல்பம் ஃபோல்டரிலும் படம் இருக்க வேண்டும், ஆண்டு ஃபோல்டரிலும் இருக்க வேண்டும், இடமும் வீணாகக்கூடாது என்றால் அதற்கும் வழி உண்டு. ஹார்ட் லிங்க் என்பது ஒரே கோப்புக்கு இரண்டு வாசல் வைப்பது. இரண்டு ஃபோல்டரிலும் அது முழுக் கோப்பாகவே தெரியும், திறக்கும், ஒன்றை அழித்தாலும் மற்றது இருக்கும், கடைசி வாசலையும் மூடினால்தான் கோப்பு போகும். டிஸ்க்கில் பிடிப்பது ஒன்றுக்கான இடம்தான். டூப்குருவில் 'சென்ட் மார்க்டு டு ரீசைக்கிள் பின்' கொடுக்கும்போது வரும் பெட்டியில் 'லிங்க் டெலிட்டட் ஃபைல்ஸ்' என்பதை டிக் செய்து ஹார்ட் லிங்க் என்று தேர்ந்தெடுத்தால், நகலை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு வாசலை வைத்துவிடும்.

நல்ல வசதிதான், ஆனால் நான்கு விஷயம் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஒரே டிரைவுக்குள்தான் நடக்கும். டிரைவ் என்டிஎஃப்எஸ் ஆக இருக்க வேண்டும், கடையில் வாங்கும் பல பென்டிரைவ்களில் இருக்கும் எக்ஸ்ஃபேட், ஃபேட்32 இரண்டிலும் ஹார்ட் லிங்க் கிடையாது. ஒரு வாசல் வழியாகப் படத்தைத் திருத்தி அதே பெயரில் சேமித்தால் மற்ற வாசலிலும் மாறியிருக்கலாம், அதனால் திருத்தும் ஆவணங்களுக்கு இது ஆகாது, திருத்தாத படங்களுக்கும் வீடியோக்களுக்கும் சரி. நாலாவது, இந்த ஃபோல்டர்களை இன்னொரு டிஸ்க்குக்குச் சாதாரணமாக காப்பி செய்தால் அங்கே மறுபடி இரண்டு தனிக் கோப்புகளாகத்தான் போகும், அந்த டிஸ்க்கில் இடம் போதுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். 2017இல் ஹை சியராவோடு வந்த ஏபிஎஃப்எஸ் வடிவில், ஒரே டிஸ்க்குக்குள் ஃபைண்டரில் கோப்பை நகலெடுத்தால் அது முதலில் கூடுதல் இடமே எடுக்காது, பின்னால் ஒன்றில் மாற்றம் செய்தால் மாறிய பகுதிக்கு மட்டும் இடம் எடுக்கும், மற்றது மாறாது. லினக்ஸில் பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் இதே வசதி இருக்கிறது. ஏற்கெனவே தனித்தனியாகச் சேர்ந்துவிட்டவற்றை டூப்ரிமூவ் என்ற கருவி ஒன்றுசேர்க்கும். விண்டோஸ் சர்வரில் 2012இலிருந்து டிஸ்க்கே பின்னணியில் நகலைக் களையும் வசதி உண்டு, ஆனால் வீட்டுக் கணினிக்கான விண்டோஸில் அது வருவதில்லை.

போனில்

ஆண்ட்ராய்ட் போனில் 'ஃபைல்ஸ் பை கூகுள்' ஆப் இருந்தால் அதில் 'க்ளீன்' என்ற பகுதியில் நகல் கோப்புகளைத் தனியாகக் காட்டும். எதை விட்டு எதை எடுக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். போனில் நகலைவிட, பார்த்து முடித்த வாட்ஸ்அப் வீடியோக்கள்தான் அதிக இடம் பிடிக்கும், அதை வாட்ஸ்அப்பின் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில் பெரியது முதலாகப் பார்த்து நீக்கலாம்.

மறுபடி சேராமல் இருக்க

போனிலிருந்து வரும் எல்லாமே முதலில் 'புதுசு' என்ற ஒரே ஃபோல்டருக்குள் மட்டும் வரட்டும், நேராக ஆண்டு ஃபோல்டருக்குள் போடாதீர்கள். ஒவ்வொரு முறை இறக்கியதும் டூப்குருவைத் திறந்து, ஆண்டு ஃபோல்டர்கள் இருக்கும் மூலத்தை ரெஃபரன்ஸ் என்றும் 'புதுசு' ஃபோல்டரை நார்மல் என்றும் வைத்து கன்டென்ட்ஸ் ஸ்கேன் கொடுங்கள். ஏற்கெனவே இருப்பவை எல்லாம் பட்டியலில் வந்துவிடும், அவற்றை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது உண்மையிலேயே புதிய படங்கள்தான், அவற்றை அந்தந்த ஆண்டுக்கு நகர்த்துங்கள். நானும் அப்பாவும் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்கிறோம். அவருடைய ஆல்பம் ஃபோல்டர் எக்ஸ்க்ளூடட் பட்டியலில் முதலில் இருக்கிறது.